விதைப் பிரிவில் கலீல் ரகுமான்

எட்டாம் வகுப்பை முடித்த ஹிபா ஒன்பதாம் வகுப்புக்குப் போக முழுத் தகுதி பெற்றுவிட்டாள் என்றும், அவளைப் பெற்றவர்கள்தான் இன்னும் தகுதி பெறவில்லை என்றும் ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது.

பள்ளியின் பெயர் நட்சத்திர விழுது குளோபல் வித்யாலயா. அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நட்சத்திரத்துக்கு எப்படி விழுது வரும் என்று யாரும் ஆராயப் போனதில்லை. போயிருந்தால் அதற்கும் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கும். எட்டாவது வரை படிப்பவர்களுக்குத் தாழ்ந்த கட்டடம், ஒன்பதாவதிலிருந்து 'சிகர வளாகம்' என்ற மூன்று மாடிக் கட்டடம். இரண்டுக்கும் நடுவே நாற்பது தப்படி தூரம். அந்த நாற்பது தப்படியைக் கடப்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

'அன்புடைய பெற்றோரே, உயர்நிலை என்பது வகுப்பல்ல, மனநிலை. உங்கள் குழந்தை அதை அடைந்துவிட்டது. நீங்கள்?' என்று தொடங்கிய அந்தக் கடிதம், மே மாதத்தில் பத்து நாள் காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை சிகர வளாகத்தில் பெற்றோர் தயார்நிலை முகாம் நடக்கும் என்றது. பயிற்சி, வீட்டுப்பாடம், நேர்முகத் தேர்வு எல்லாம் உண்டு. முடிவில் சான்றிதழ் தருவார்கள். தாயும் தந்தையும் ஆளுக்கொரு சான்றிதழ் வாங்கினால்தான் பிள்ளையின் பெயர் ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டில் ஏறும். வாங்காவிட்டால் மாற்றுச் சான்றிதழில் 'பெற்றோர் தயாரில்லை' என்று சிவப்பு மையில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு வரியோடு போனால் எந்தப் பள்ளிக்கூடம் உள்ளே விடும்?

கலீல் ரகுமான் குமணன்சாவடியில் பைக் சீட்டு தைக்கிற கடை வைத்திருப்பவர். மெட்ரோ தூணுக்கு எதிரே கடை. சுற்றறிக்கையை மூன்று தடவை படித்துவிட்டு மடித்துத் தையல் மிஷின் டிராயரில் போட்டார். அதை எடுத்து நான்காவது தடவை படித்தவள் அவருடைய மனைவி ஷரீஃபுன்னிசா.

"பத்து நாளுதானே, போய்க் குந்திட்டு வாங்க. கடைய பதினோரு மணிக்குத் தொறந்தா இன்னா? ஊர்ல ஒருத்தனும் சீட்டு இல்லாம வண்டி ஓட்டப் போறதில்ல."

"ஏம்மா, படிக்கப் போறது அதுவா நானா?"

"நான் எட்டாவதோட நின்னவ. உங்களுக்குத் தெரியுமில்ல? அதுக்கு மேல படிக்க பஸ் ஏறணும்னாங்க, பொட்டப்புள்ளைக்கு பஸ் எதுக்குன்னாங்க, அத்தோட சரி. எம்பொண்ணு எட்டாவதுல நிக்கக் கூடாது. நீங்க பெஞ்சு மேல ஏறி நின்னாலும் சரி."

ஷரீஃபுன்னிசா இப்படிப் பேசினால் அதற்கு மேல் பேச்சில்லை. கலீல் ரகுமான் மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார்.

முதல் நாள் நான்கு நிமிடம் தாமதம். வேலப்பன்சாவடியில் வண்டி நகரவில்லை. தாமதமாக வந்த அப்பாக்கள் பதினேழு பேரையும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் வெயிலில் நிற்க வைத்தார்கள். கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். அதில் பெயர் இல்லை, 'ஹிபாவின் தந்தை' என்று மட்டும் இருந்தது. பிறகு எல்லோரையும் அரங்கில் நிறுத்தி உறுதிமொழி சொல்லச் சொன்னார்கள்.

"நான் என் குழந்தையின் பயணத்துக்குத் தடையாக இருக்க மாட்டேன். இருக்க நேர்ந்தால் மூன்று வேலைநாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிப்பேன்."

நூற்றுப் பதினாறு பேர் வலக்கையை நீட்டிக்கொண்டு சொன்னார்கள். அதில் ஒரு வங்கி மேலாளரும் ஒரு போலீஸ் சப் இன்ஸ்பெக்டரும் அடக்கம்.

முகாமை நடத்துபவர் இருதயராஜ். பள்ளியில் அவருடைய பதவி டிரான்சிஷன் டைரக்டர். எதிலிருந்து எதற்கு டிரான்சிஷன் என்பதை அவர் மேடையில் விளக்கினார்.

"பெற்றோர்களே, இருபத்திரண்டு வருஷமா நாங்க குழந்தைகளைத் தயார் பண்ணிப் பார்த்தோம். அவங்க ஏற்கெனவே தயாரா இருக்காங்க. அதுல எங்களுக்கு வேலையே இல்லை! ஒரு நிறுவனம் வேலை இல்லாம இருக்கலாமா? அப்பதான் உங்களைக் கண்டுபிடிச்சோம். தயாரான பெற்றோர் எப்படி இருப்பாங்க தெரியுமா? நீட்டின இடத்துல கையெழுத்துப் போடுவாங்க. படிச்சுப் பார்த்து எங்க நேரத்தை வீணாக்க மாட்டாங்க."

கைதட்டல் கேட்டது. கலீல் ரகுமானும் தட்டினார். அதற்குள் நீட்டிய ஆறு தாளில் கையெழுத்தும் போட்டிருந்தார்.

அடுத்தது தரம் பிரிக்கும் தேர்வு. 'உங்கள் குழந்தையின் வளர்ச்சியை எவ்வாறு கண்காணிக்கிறீர்கள்?' என்பது முதல் கேள்வி. கலீல் ரகுமான் யோசிக்கவே இல்லை. 'வாசல் நிலையில் பென்சில் கோடு போடுவோம். போன ரமலானுக்கு நாலடி பதினொன்று. இப்போது ஐந்தடி ஒன்றரை. இன்ச் டேப்பால் அளந்தது, தப்பு வராது' என்று எழுதினார். சீட்டு தைக்கிறவர் வேறு எப்படி எழுதுவார்? பூஜ்யம் போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் 'உங்கள் குழந்தையின் எதிர்காலத்தை எங்கே காண்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு 'அண்ணனூர் ரயில்வே ஷெட், மச்சான் அங்கேதான் இருக்கிறார்' என்று எழுதியிருந்தார். அவருக்கும் அதேதான்.

அவர் பெயர் தசரதன். தண்ணீர் லாரி வைத்திருக்கிறார். பள்ளிக்கும் அவர் லாரிதான் தண்ணீர் ஊற்றுகிறது. மகள் கிருஷ்ணப்பிரியா ஹிபாவோடு படிப்பவள். பெற்றோரைக் கனி, மலர், கிளை, விதை என்று நான்கு பிரிவாகப் பிரித்ததில் வங்கி மேலாளர் கனியானார், ஷரீஃபுன்னிசா மலரானாள். கலீல் ரகுமானும் தசரதனும் விதைப் பிரிவின் கடைசி பெஞ்சில் போய் விழுந்தார்கள்.

"இன்னா பாய், நீயும் வெதையா?"

"ஆமா அண்ணாத்தே."

"இந்த எடத்துலதான் எங்க தாத்தா நாத்து உட்டாரு. கரெக்டா இதே மூல. இப்ப என்னியே வெதைன்ட்டு நட்டுகினு கீறானுங்க பாரு!"

தசரதன் மெதுவாகச் சொல்லத் தெரியாதவர். வகுப்பே சிரித்தது. கலீல் ரகுமானுக்குக் கொடுத்திருந்த பள்ளி நாட்குறிப்பில் 'பேசுகிறார்' என்று எழுதப்பட்டது. அவர் அப்போது ஆமா என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் வீட்டுப்பாடம், 'என் குழந்தையின் உள்ளம்' என்ற தலைப்பில் தெர்மாகோல் மாடல். பிள்ளைகள் உதவக் கூடாது என்று அடிக்கோடிட்டிருந்தார்கள். இத்தனை வருடம் பிள்ளைகளுக்குக் கொடுத்த எரிமலையையும் மழைநீர்ச் சேகரிப்பையும் செய்து கொடுத்தது அப்பா அம்மாக்கள்தான். அதனால் இந்த வேலை யார் தலையில் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹிபா சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு உள்ளம் செய்தாள். பஞ்சு, ரெக்சின், இரண்டு பைக் கண்ணாடி, உள்ளே எரிகிற இண்டிகேட்டர் விளக்கு.

இருதயராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உங்க பொண்ணு செஞ்சது. நேர்த்தியா இருக்கு. பெற்றோர் செஞ்சா இவ்வளவு நல்லா வராது."

மாடலைப் பறிமுதல் செய்து முதல்வர் அறையில் அலங்காரமாக வைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாளுக்குள் வட்டாரம் முழுக்கத் தொற்றிவிட்டது. அம்பத்தூரில் ஒரு டியூஷன் சென்டர் 'பெற்றோர் தயார்நிலை, நூறு சதவீதத் தேர்ச்சி, தாய்மார்களுக்குத் தனி பேட்ச்' என்று பேனர் கட்டியது. பள்ளி வாசல் ஜெராக்ஸ் கடையில் 'நட்சத்திர கைடு' சக்கைப்போடு போட்டது. கனிப் பிரிவு வங்கி மேலாளர் வங்கியிலேயே மேசைக்குக் கீழே கைடை வைத்துப் படித்து, யாருக்கோ கடன் மனுவில் 'சகபாடி அழுத்தம்' என்று குறிப்பெழுதிவிட்டதாகப் பேச்சு. வீடுகளில் பெரியவர்கள் எல்லோரும் படித்துக்கொண்டிருந்ததால் பிள்ளைகளைக் கண்டிக்க ஆளில்லை. அவர்கள் ஏரிக்கரைத் திடலில் வெயில் தாழ விளையாடிவிட்டு வந்து, தாங்களே சோறாக்கி, அப்பா அம்மாவுக்குத் தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். "சத்தம் போடாதடா, அம்மா படிக்கிறாங்க" என்று அண்ணன்கள் தம்பிகளை அதட்டினார்கள்.

ஆறாம் நாள் பெற்றோர் குறித்துப் பேசப் பிள்ளைகளை வரச் சொன்னார்கள். ஹிபா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கலீல் ரகுமான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உங்கப்பா நல்ல மனுஷன்தான்மா," என்றார் இருதயராஜ். "திறமை இருக்கு. ஆனா முயற்சி போதலை. சேர்க்கை சரியில்லை. அந்தத் தண்ணி லாரிக்காரரோட உட்கார்றாரு, ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. வீட்ல எவ்வளவு நேரம் படிக்கறார்?"

"கடை மூடி வந்ததும் தூங்கிடறாரு சார்."

"பாத்தியா? ஃபோன் அதிகமா பாக்கறாரா?"

ஹிபா அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்சினார். "இல்ல சார்," என்றாள்.

"சரி, நாட்குறிப்புல கையெழுத்துப் போடு. இப்படியே போனா உன் எதிர்காலத்துக்கு நாங்க பொறுப்பில்லை."

ஹிபா கையெழுத்துப் போட்டாள். "சொல்லிப் பார்க்கறேன் சார். அப்புறம் எனக்கு ஒண்ணு..."

"உனக்கா? நீதான் தயாராயிட்டியேம்மா! உன் கோப்பை ஏப்ரல்லயே மூடிட்டோம். அடுத்த குழந்தையை அனுப்பு."

வெளியே கிருஷ்ணப்பிரியா முறை வந்தபோது தசரதன் மகளிடம், "அம்மாட்ட மட்டும் சொல்லாத கண்ணு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஹிபா அப்பாவைச் சும்மா விடவில்லை. மத்தியானம் கடைக்கே வந்து, கழற்றி வைத்த புல்லட் சீட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து கைடைப் பிரிப்பாள். அவர் தைத்துக்கொண்டே ஒப்பிக்க வேண்டும்.

எட்டாம் நாள் மத்தியானம் நல்ல வெயில். மெட்ரோ தூண் நிழல் கடை வாசலில் விழுந்திருந்தது.

"கேள்வி பன்னெண்டு. இது கண்டிப்பா வருமாம். உயர்நிலைக்குச் செல்லும் குழந்தையின் முதன்மைக் கவலை யாது?"

"அடையாள நெருக்கடி. சகபாடி அழுத்தம். அப்புறம்... எண்ணி... எண்ணிம..."

"எண்ணிமத் திசைதிருப்பல். இதோட ஏழு தடவ சொல்லிட்டேன் அத்தா."

"நிக்க மாட்டேங்குது புள்ள. அர்த்தம் தெரிஞ்சா நிக்கும். சரி, நீ சொல்லு, உனக்கு நெஜமாவே இன்னா கவல? அத்த வெச்சு ஞாபகம் வெச்சுக்கறேன்."

மனப்பாடத்துக்கு ஒரு பிடி கிடைக்குமா என்றுதான் அவர் கேட்டார். ஹிபா கைடை மூடினாள்.

"சிகர வளாகத்துல ரெண்டாவது மாடில பொண்ணுங்க டாய்லெட் கீது இல்ல? மூணு கதவு. மூணுக்கும் தாப்பா இல்ல. உடைஞ்சு போய் ரெண்டு வருஷம் ஆச்சாம். ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவப் புடிச்சுக்கணும். ஜோடி இல்லாத பொண்ணுங்க காலைலேந்து தண்ணியே குடிக்க மாட்டாங்களாம். கிருஷ்ணப்பிரியாவ 'ஏ' செக்ஷன்ல போடறாங்க, என்ன 'சி'ல. எனக்கு அங்க யாரையும் தெரியாது அத்தா. ஒரு மாசமா அதான் யோசிச்சுகினு கீறேன்."

தையல் மிஷின் நின்றது. ஒரு மாசமாக இந்தப் பிள்ளை மனதில் இதை வைத்துக்கொண்டா தெர்மாகோல் வெட்டினாள், தன்னைக் கேள்வி கேட்டாள்? கலீல் ரகுமானுக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை.

"இது கைடுல இல்ல அத்தா," என்றாள் ஹிபா. "நீங்க எண்ணிமத் திசைதிருப்பலே படிங்க."

ஒன்பதாம் நாள் நேர்முகத் தேர்வு. முதல்வர் தாட்சாயிணி மேடம் நடுவில், இருதயராஜ் பக்கத்தில், ஹிபா செய்த உள்ளம் மேசை மேல் மினுக்கிக்கொண்டிருந்தது. குளிர்சாதன அறை. உள்ளேயே தனிக் குளியலறை, அதற்குப் பித்தளைக் கைப்பிடி. மேடத்தின் கேள்வி பன்னிரண்டாம் கேள்விதான்.

"அடையாள நெருக்கடி. சகபாடி அழுத்தம்," என்று கலீல் ரகுமான் ஆரம்பித்தார். இருதயராஜ் உற்சாகமாகத் தலையாட்டினார். இன்னும் இரண்டே சொல். சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"அதெல்லாம் அவளுக்கு இல்ல மேடம். ரெண்டாவது மாடி டாய்லெட்ல தாழ்ப்பாள் இல்லையாம். அதான் கவலைன்னு சொன்னா."

இருதயராஜ் தலையாட்டுவதை நிறுத்தினார்.

"மிஸ்டர் ரகுமான்," என்றார் தாட்சாயிணி மேடம் மிகுந்த பொறுமையோடு, "இது மனநலப் பிரிவின் தேர்வு. தாழ்ப்பாள் வசதிப் பிரிவின் கீழ் வருகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் குழந்தையின் ஆளுமை சிதறிவிடும். எங்கள் கட்டடத்தில் கதவுகள் இல்லையா? இருக்கின்றன. மற்ற பள்ளிகளைப் போய்ப் பாருங்கள். நாங்கள் திறந்த மனதை ஊக்குவிக்கும் நிறுவனம்."

"படிவம் ஏழு பூர்த்தி பண்ணுங்க," என்றார் இருதயராஜ். "பராமரிப்புக் குழு செப்டம்பர்ல கூடும். அங்க ஒப்புதல் ஆனா மேலிடத்துக்குப் போகும்."

"சார், ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குது."

"அதனாலதான் செப்டம்பர். திறந்தாதானே தேவை எவ்வளவுன்னு தெரியும்?"

அவருக்கு நிபந்தனைத் தேர்ச்சி என்று எழுதினார்கள். நாளை பட்டமளிப்பு முடியும்வரை ஒரே ஒரு ஒழுங்கீனக் குறிப்பு விழுந்தாலும் சான்றிதழ் கிடையாது, ஹிபாவின் பெயர் பதிவேட்டில் ஏறாது. கலீல் ரகுமான் அதிலும் கையெழுத்துப் போட்டார். ஆனால் இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டார்.

வாசலில் தசரதன் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருடைய பெரிய உடம்பு குலுங்கியது, சிரிப்பில் இல்லை.

"தெனம் ரெண்டு லோடு தண்ணி ஊத்தறேன் பாய் இந்தக் கட்டடத்துக்கு. யாருக்கு ஊத்தறேன்னு இப்பதான் தெரியுது. எம்பொண்ணும் வாயத் தொறக்கல பாரேன். வா, குமணன்சாவடி போய் மூணு தாப்பா வாங்கிகினு வர்லாம்."

"நாளைக்கு எல்லாரும் கீழ அரங்குல இருப்பாங்க. மேல ஆள் இருக்காது," என்றார் கலீல் ரகுமான். "விதைப் பிரிவக் கடைசியாத்தான் கூப்புடுவாங்க. அதுக்குள்ள முடிச்சுட்டு எறங்கிடலாம். மாட்டினா எம்பொண்ணு கதி அவ்ளோதான்."

"மாட்டாட்டி?"

கலீல் ரகுமான் வண்டியைக் கிளப்பினார். நேராகப் போய் ஹார்டுவேர் கடையில் நல்ல கனமான தாழ்ப்பாளாகப் பார்த்து எடுத்தார்.

பட்டமளிப்பு நாளில் நூற்றுப் பதினாறு பேருக்கும் கறுப்பு அங்கியும் குஞ்சம் வைத்த தொப்பியும் மாட்டிவிட்டார்கள். மே மாத வெயிலில் அரங்கு வெந்தது. பிள்ளைகளைப் பின் வரிசையில் உட்கார வைத்து, கைதட்ட வேண்டிய இடங்களை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றியதும் விதைப் பிரிவின் கடைசி பெஞ்ச் காலியானது.

மேலே கலீல் ரகுமான் அங்கியின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, தொப்பிக் குஞ்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, சீட்டுத் தகட்டில் ஓட்டை போடும் பேட்டரி டிரில்லைக் கதவில் வைத்தார். கீழே தாட்சாயிணி மேடம் ஒலிபெருக்கி முன் வந்து நின்றார்.

"பெரியோர்களே! இந்தப் பத்து நாட்களில் நாம் எட்டு சுற்றறிக்கைகளையும் நாற்பத்திரண்டு படிவங்களையும் கடந்து வந்திருக்கிறோம். குழந்தைகள் விடுமுறையில் இருந்ததால்தான்..."

ட்ர்ர்ர்ர்ர்!

"...இருந்ததால்தான் குழந்தைகளின் நலனில் முழுக் கவனம் செலுத்த முடிந்தது. மைக்கைச் சரி பாருங்கள். நம் பள்ளியில் ஒரு குழந்தைகூட இதுவரை குறை சொன்னதில்லை. ஏனென்றால் அதற்கான படிவத்தை நாம்..."

ட்ர்ர்ர்ர்ர்!

மைக்காரர் மேடையில் ஏறி எல்லா வயரையும் பிடுங்கித் திரும்பச் சொருகினார். முதல் கதவு முடிந்தது. கனிப் பிரிவு மேடை ஏறியது. வங்கி மேலாளர் தங்கப் பதக்கம் வாங்கிக் கண் கலங்கினார். மலர்ப் பிரிவில் ஷரீஃபுன்னிசா சான்றிதழ் வாங்கும்போது மேலே இரண்டாவது கதவு முடிந்தது. மூன்றாவது கதவில் ஒரு திருகு கை தவறி விழுந்து தசரதனின் அங்கிக்குள் போய்விட்டது. "ஆடாத அண்ணாத்தே!" "கூசுது பாய்!" என்று இரண்டு பட்டதாரிகளும் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போது கிளைப் பிரிவு ஓடியே முடிந்துவிட்டது.

"விதைப் பிரிவு. ஹிபாவின் தந்தை கலீல் ரகுமான்!" என்றார் இருதயராஜ்.

யாரும் வரவில்லை.

"ஹிபாவின் தந்தை!"

ட்ர்ர்ர்ர்ர் என்றது மேல் மாடி.

அரங்கே கொல்லென்று சிரித்தது. ஹிபா சிரிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. பின் வரிசையிலிருந்து நழுவிப் படியேறி ஓடினாள். தாட்சாயிணி மேடத்துக்கும் புரிந்துவிட்டது. அவர் மேடையை விட்டு இறங்கினார், பின்னால் இருதயராஜ், அவர் பின்னால் வேடிக்கை பார்க்க நூற்றுச் சொச்சம் அங்கிகள்.

அவர்கள் இரண்டாவது மாடிக்கு வந்தபோது வராந்தாவில் கலீல் ரகுமான் டிரில்லோடு நின்றார். தசரதன் மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன இது?"

"தாழ்ப்பாள் மேடம்."

"யார் அனுமதி கொடுத்தார்கள்? இது ஒழுங்கீனம் என்று தெரியும்தானே? உங்கள் மகள் பெயர் பதிவேட்டில் ஏறாது, தெரியுமா?"

"தெரியும் மேடம்," என்றார். கூட்டத்தில் ஷரீஃபுன்னிசாவின் முகத்தைத் தேடி, பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தார். வீட்டில் ஒரு எட்டாவது போதாதென்று இன்னொரு எட்டாவதா?

மேடம் பெண்கள் கழிவறைக்குள் போய் மூன்றாவது கதவைத் தள்ளினார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அது திறக்கவில்லை.

"உள்ளே யார்?"

"ஆள் இருக்கேன் மேடம்," என்றது ஹிபாவின் குரல்.

"நான் பிரின்சிபல் பேசுகிறேன்!"

"தெரியும் மேடம். ஆள் இருக்கேன்."

தாட்சாயிணி மேடத்தை இதற்கு முன் யாரும் காத்திருக்கச் சொன்னதில்லை. அவர் கதவை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை அவருடைய முழங்கையை மரியாதையாகத் தொட்டது.

"கோச்சுக்காதீங்க மேடம்," என்றாள் ஷரீஃபுன்னிசா. "வரிசையில வாங்க. நாங்க பத்து நாளா காத்துகினு கீறோம்."

திரும்பிப் பார்த்தால் கறுப்பு அங்கி போட்ட ஐம்பத்தெட்டு அம்மாக்கள் படிவரை வரிசை கட்டி நின்றார்கள். முகாம் நடந்ததும் இதே கட்டடம்தானே? பத்து நாளும் அவர்கள் ஒருத்திக்கு ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அப்பாக்கள் திகைத்துப்போய் அவரவர் மனைவியைப் பார்த்தார்கள். கலீல் ரகுமானும் பார்த்தார். "என்கிட்ட சொல்லவே இல்லையேம்மா?" என்றதற்கு, "இதெல்லாமா சொல்லுவாங்க?" என்றாள் அவள். சொல்லும்போதே அவள் முகம் என்னவோ போல ஆனது. மகளும் அப்படித்தானே சும்மா இருந்திருக்கிறாள்?

"இதை யாரும் முறைப்படி தெரியப்படுத்தவில்லையே?" என்றார் மேடம்.

"படிவம் ஏழு மேடம்," என்றார் கனிப் பிரிவு வங்கி மேலாளரின் மனைவி. "ஒன்பது பேர் கொடுத்தோம். செப்டம்பராம்."

அதற்குள் வரிசை முன்னால் நெருக்கியது. மற்ற இரண்டு கதவுகளுக்குள்ளும் அம்மாக்கள் புகுந்து தாழிட்டுக்கொண்டார்கள், மேடம் சுவரோடு ஒட்டிக்கொண்டார். குளிர்சாதன அறைக்குத் திரும்பிப் போக வேண்டுமென்றால் அத்தனை பேரையும் தாண்டித்தான் போக வேண்டும். அவர்களில் யாரும் வழிவிடுவதாகத் தெரியவில்லை.

"இருதயராஜ், அந்தச் சான்றிதழைக் கொடுங்கள்."

"மேடம், ஒழுங்கீனக் குறிப்பு..."

"கொடுங்கள் என்றேன்!"

தசரதன் குனிந்து முதுகைக் காட்டினார். அதன் மேல் வைத்து மேடம் கையெழுத்துப் போட்டார். பதிவேடும் வரவழைக்கப்பட்டு, அதே முதுகின் மேல் ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவில் ஹிபாவின் பெயர் ஏறியது. ஷரீஃபுன்னிசா ஒரு தடவைக்கு இரண்டு தடவை எட்டிப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

இருதயராஜ் மட்டும் விடவில்லை. நிபந்தனைத் தேர்ச்சி பெற்றவர்களுக்குச் சான்றிதழில் 'தேர்ச்சிக்குரிய சிறப்புக் காரணம்' என்றொரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் முத்திரை குத்தினால் விதி மீறல். பின்பக்கத்தில் அங்கீகரிக்கப்பட்ட காரணங்கள் பதினான்கு அச்சாகியிருந்தன. தாழ்ப்பாள் மாட்டினார் என்பது அதில் இல்லை.

அப்போது மூன்றாவது கதவு திறந்து ஹிபா வெளியே வந்தாள்.

"நீயே சொல்லும்மா," என்றார் அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "உங்கப்பா எதனால பாஸ்னு எழுதட்டும்?"

ஹிபா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னா கவலன்னு கேட்டாரு சார்."

"அப்புறம்?"

"அவ்ளோதான் சார்."

அவர் பதினான்கு காரணங்களையும் மறுபடி மேலிருந்து கீழே தேடினார். பிறகு மேடத்தைப் பார்த்தார். மேடம் வரிசையைப் பார்த்தார். "எழுதித் தொலையுங்கள்," என்றார்.

இருதயராஜ் கட்டத்துக்குள் 'கேட்டார்' என்று எழுதி முத்திரை குத்தினார். அடுத்த ஆளாக ஷரீஃபுன்னிசா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.